பட்டறையைச் சூடாக்கும் தெற்குச் சுவர்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள போஸ்மன் நகரில் ஜனவரி மாத இரவுகள் சில வேளைகளில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். பகலிலும் உறைநிலையைத் தாண்டாத நாட்கள் உண்டு. வீட்டை ஒட்டி மரவேலைப் பட்டறை வைத்திருப்பவருக்கு அந்தக் குளிரில் எதுவும் ஓடாது. மரப்பசை பிடிக்காது, வண்ணம் காயாது, உளியைத் தொட்டால் விரல் விறைக்கும். ஆனால் வானம் தெளிந்த நண்பகலில் அதே பட்டறையின் தெற்குச் சுவரில் சதுர மீட்டருக்குச் சுமார் 900 வாட் வெயில் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த வெப்பத்தை உள்ளே கொண்டுவர, சுவரில் பொருத்தும் சூரிய வெப்பச் சேகரிப்பான் என்ற எளிய பெட்டி போதும்; மின்சாரமோ விசிறியோ கூடத் தேவையில்லை.

குளிர்நாட்டுச் சுவரில் அவ்வளவு வெயில் எப்படி வருகிறது? போஸ்மன் ஏறத்தாழ 45.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 21 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். தாழ்ந்த கதிர்கள் செங்குத்துச் சுவரை நேர்முகமாகத் தாக்குகின்றன. எதிரே பரந்து கிடக்கும் பனி இன்னும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஜூன் மாதத்தில் சூரியன் 68 டிகிரிக்கு ஏறிவிடுவதால் அதன் கதிர்கள் சுவரை ஓரமாக உரசிக்கொண்டு போகின்றன. வெப்பம் வேண்டிய பருவத்தில் கூடுதலாகவும் வேண்டாத பருவத்தில் குறைவாகவும் வெயிலைப் பெறுவது செங்குத்துச் சேகரிப்பானின் இயல்பிலேயே இருக்கிறது. கூரையில் சாய்த்து வைத்தால் இந்த வசதி போய்விடும், பனியும் அதன்மேல் படியும்.

சேகரிப்பானின் அமைப்பு எளிமையானது. சுவரின் வெளிப்பக்கம் ஆழமில்லாத ஒரு பெட்டி. முகப்பில் ஒளி புகும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தாள், உள்ளே கறுப்பு வண்ணம் அடித்த ஜன்னல் கம்பிவலை இரண்டு அடுக்கு. சுவரின் அடியிலும் தலைப்பிலும் காற்றுப் போக வாய்கள். வெயில் தாளைக் கடந்து வலையில் விழ, வலை சூடாகி, தன்னைத் தொடும் காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று விரிந்து, எடை குறைந்து மேலே ஏறி, மேல் வாய் வழியாகப் பட்டறைக்குள் நுழைகிறது. தரையோரத்துக் குளிர்ந்த காற்று கீழ் வாய் வழியாக அந்த இடத்தை நிரப்புகிறது. வெயில் இருக்கும்வரை இந்தச் சுழற்சி தானே நடக்கும். பெட்டியில் தண்ணீர் இல்லை என்பதால் குழாய் உறைந்து வெடிக்கும் பயமும் இல்லை.

இந்தக் கருத்து பழையது. மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் வாழ்ந்த விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ், கண்ணாடிக்குப் பின்னே கறுப்புப் பரப்பை வைத்துச் சூரிய ஒளியால் அறையைச் சூடாக்கும் முறைக்கு 1881இல் காப்புரிமை பெற்றார். 1960களில் பிரான்சின் ஒடேயோவில் ஃபெலிக்ஸ் த்ரோம்ப் என்ற அறிவியலாளர் தடித்த சுவருக்கு முன்னே கண்ணாடி பொருத்தி வீடுகள் கட்டச் செய்தார். லடாக்கிலும் அத்தகைய சுவர்கள் இருக்கின்றன. தடித்த சுவர் பகல் வெப்பத்தைத் தேக்கி, பல மணி நேரம் கழித்து இரவில் வெளியிடுகிறது. உறங்கும் வீட்டுக்கு அது சரி. பகலில் வேலை நடக்கும் பட்டறைக்கு வெயில் பட்ட சில நிமிடங்களில் சூடு வேண்டும், அதனால்தான் மெல்லிய கம்பிவலை.

இதைக் கட்டுகிறவர்கள் பலர் மேல் வாயில் வெப்பமானியை வைத்து, 70 டிகிரி காட்டினால் மகிழ்கிறார்கள். உண்மையில் அது கவலைப்பட வேண்டிய எண். பெட்டிக்குள் காற்று எவ்வளவு சூடாகிறதோ, அவ்வளவு வெப்பம் முகப்புத் தாள் வழியாக வெளிக்குளிருக்குப் போய்விடும். அறைக்கு வேண்டியது மொத்த வெப்பம். ஒரு செம்பு கொதிநீரைவிட ஒரு வாளி வெதுவெதுப்பான நீர்தானே குளியலுக்கு உதவுகிறது! 5 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள சேகரிப்பானில் 9,000 வாட் வெயில் விழுகிறது என்று கொள்வோம். பாதி அறைக்கு வந்து சேர்ந்தாலும் 4,500 வாட், அதாவது 1,500 வாட் மின்சூடேற்றிகள் மூன்றின் வேலை. 15 டிகிரியில் நுழையும் காற்று 40 டிகிரியில் வெளியேற வேண்டுமானால், நொடிக்கு 150 லிட்டர் காற்று ஓட வேண்டும்.

அதை ஓட்டும் விசையோ மிகச் சிறியது. 2 மீட்டர் உயரப் பெட்டியில் சூடான காற்றுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள எடை வேறுபாடு உண்டாக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்கு! இவ்வளவு மெல்லிய தள்ளலுக்குக் குறுகலான வழியைக் கொடுத்தால் காற்று தேங்கிக் கொதிக்கத்தான் செய்யும். எனவே பெட்டிக்கு 15 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். வாய்களின் பரப்பில் சிக்கனம் பிடிக்கவே கூடாது. காற்றை வலையின் முன்பக்கம் நுழையவிட்டு, வலைக் கண்களினூடே பின்பக்கம் வரச் செய்வது நல்ல உத்தி. முகப்புத் தாளை ஒட்டிக் குளிர்ந்த காற்றே நிற்பதால் இழப்பு குறைகிறது.

சூரியன் மறைந்ததும் இதே சுழற்சி தலைகீழாகும். பெட்டியில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழ் வாய் வழியாகப் பட்டறைக்குள் வழிய, அறையின் சூடான காற்று மேல் வாயால் இழுக்கப்பட்டு வெளிக்குளிரில் சூட்டை இழக்கும். பகலில் சேர்ந்தது இரவில் போய்விடும். இதைத் தடுக்க, மேல் வாயில் கம்பிவலை அடித்து, அறைப் பக்கமாக மெல்லிய பாலித்தீன் தாளைத் தொங்கவிடுகிறார்கள். உள்ளே வரும் காற்று அதைத் தூக்கிவிட்டு வரும், திரும்பப் போக முயலும் காற்று அதை வலையோடு ஒட்டி அடைத்துவிடும். தாள் சற்றுத் தடித்தாலும் அந்த ஒரு பாஸ்கல் அதை அசைக்காது.

மேகமூட்டமான நாளில் இந்தச் சுவர் ஏறக்குறைய ஒன்றும் தராது, ஆகவே விறகடுப்போ மின்சூடேற்றியோ கூடவே இருக்க வேண்டும். பட்டறையின் கூரையிலும் சுவரிலும் வெப்பக்காப்பு இல்லையென்றால், முதலில் பணத்தை அதற்கே செலவிட வேண்டும். கோடையில் வாய்களை மூடிவைக்கும்போது காற்று நகராமல் உள்வெப்பம் வெகுவாக ஏறக்கூடும். அதனால் பெட்டிக்குள் தெர்மோகோல் பலகையைக் காப்பாக வைக்கக் கூடாது. 100 டிகிரியை நெருங்கும்போதே அது இளகிச் சுருங்கத் தொடங்கிவிடும்.