கும்பிடுவது போலக் குனியும் குழந்தை

காய்ச்சலில் குழந்தைக்குக் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தால், எந்த வீட்டிலும் யாரும் சும்மா இருப்பதில்லை. அடுத்த நிமிடமே ஆட்டோவில் ஏறிவிடுகிறார்கள். குழந்தைகள் நல மருத்துவராக என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது, யாரும் பதறாத இன்னொரு வலிப்பு.

குமரி மாவட்டக் குலசேகரம் பக்கத்திலிருந்து ஆறு மாத ஆண் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தந்தை விடியும் முன்பே ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவார், தாய் அடுக்களையில் இருப்பார். ஆகவே குழந்தை விழிக்கும் நேரத்தில் அருகில் இருப்பவர் ஆச்சிதான். "முழிச்ச உடனே கைய விரிச்சு விரிச்சு குனியுதான் டாக்டரே, கும்பிடுகது மாதிரி" என்றவர், தலையைச் சட்டென்று தாழ்த்தி, இரு கைகளையும் விரித்து உள்ளிழுத்து, சில நொடிகள் நிறுத்தி, மீண்டும் அதையே செய்து காட்டினார். "பிள்ளை முன்பு போல உங்கள் முகம் பார்த்துச் சிரிக்கிறானா?" என்று தாயிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை; கண் கலங்கினார். மூன்று வாரமாக அது மாந்தம் என்றும், பிறகு உரம் விழுந்தது என்றும் கருதப்பட்டு, உரை மருந்தும் உரம் எடுப்பதும் நடந்திருந்தன. ஆச்சியை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனெனில் அந்த வீட்டில் அதைக் கவனித்தவர் அவர் ஒருவரே.

1841-இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், தன் சொந்த மகனிடம் கண்ட இதே அசைவை லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். அவர் பெயரால்தான் இது வெஸ்ட் நோய்க்குறித் தொகுப்பு எனப்படுகிறது. பெரும்பாலும் மூன்று மாதத்திற்கும் ஒரு வயதிற்கும் இடையில் தொடங்கும். ஒவ்வொரு குனிதலும் ஓரிரு நொடிதான். ஆனால் தூங்கி எழுந்ததும் அது வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். சத்தம் கேட்டுக் குழந்தை திடுக்கிடுவது தனித்து வரும், நான்கு முதல் ஆறு மாதத்திற்குள் மறைந்தும் போகும். வயிற்றுவலியில் அழும் குழந்தை காலை மடக்கும், ஆனால் சீரான இடைவெளியில் அதையே திரும்பத் திரும்பச் செய்வதில்லை.

பிறந்தபோது மூச்சுத்திணறியது, முதல் நாட்களில் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்தது, மூளை அமைப்பில் பிறவிக் குறை, மரபணுக் கோளாறு எனக் காரணங்கள் பல. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குச் சர்க்கரை தாழ்வதும் ஒரு காரணம். குழந்தையின் தோலில் இலை வடிவில் வெளிறிய திட்டுகள் இருந்தால், டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் (மூளை, தோல் போன்ற உறுப்புகளில் கட்டிகளை உண்டாக்கும் மரபணு நோய்) உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

சந்தேகம் எழுந்தால் செல்போனில் வீடியோ எடுங்கள்: முகமும் இரு கைகளும் தெரியும்படி, துணியை விலக்கி, வரிசை முடியும்வரை. சிகிச்சை அறைக்கு வரும்போது குழந்தை பெரும்பாலும் அமைதியாக இருக்கும் என்பதால், அந்த வீடியோ எனக்குப் பாதி நோயறிதல். மீதிப் பாதியைத் தூக்கத்தையும் உள்ளடக்கிய ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை, சொல்லும். அதற்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருவனந்தபுரத்திற்கோ எங்கு போனாலும் சரி, அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ போங்கள். சிகிச்சை தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும்.

வழக்கமான வலிப்பு மருந்துகள் பல இதற்குப் போதாது. ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ஊசி, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு அதிக அளவில், விகபாட்ரின் என்ற வலிப்பு மருந்து ஆகியவையே முதன்மையானவை. டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் உள்ள குழந்தைக்கு விகபாட்ரினையே முதலில் தேர்ந்தெடுப்போம். ஸ்டீராய்டு என்றதும் பெற்றோர் தயங்குவது புரிகிறது. முகம் உப்பும், பசி கூடும், எரிச்சலில் பிள்ளை அழுதுகொண்டே இருக்கும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டே கொடுப்பதால் பெரும்பாலும் சமாளிக்கலாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ அம்மையோ வந்தால் உடனே தெரிவியுங்கள், தடுப்பூசி போடும் முன் கேளுங்கள். மருந்தை மட்டும் நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்; அது ஆபத்து.

கைகால் இழுக்கும் வலிப்பு வந்தால், குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி வேண்டாம், வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்றபின் மீண்டும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள். ஆறு மாதத்திற்கும் குறைந்த குழந்தைக்கு எந்த வலிப்பு வந்தாலும், அது தானாக நின்றிருந்தாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.