ஸ்பெர்மதீக்கா: பறவைக்குப் பொருந்துமா ‘விந்து கொள்பை’?

பெண் உயிரியின் உடலுக்குள் விந்தணுவைச் சேமித்துவைக்கும் உறுப்புக்குப் பெயர் ஸ்பெர்மதீக்கா. கிரேக்க வேர்களில் பிறந்த சொல். ‘ஸ்பெர்மா’ என்றால் விதை. ‘தேக்கே’ என்றால் ஒரு பொருளை வைக்கும் பெட்டி அல்லது உறை. நூலகத்தைக் குறிக்கும் ‘பிப்லியோதேக்கா’வில் இருப்பதும் இதே தேக்கேதான். தமிழில் தேக்கு என்றால் தடுத்து நிறுத்திவை. ஒலி இவ்வளவு பொருந்துகிறதே என்று இரண்டுக்கும் உறவு கொண்டாடிவிட வேண்டாம், அது தற்செயல்.

கரப்பான்பூச்சி, மண்புழுப் பாடங்களில் இதை ‘விந்து கொள்பை’ என்று படித்திருப்போம். அங்கே சரி, உண்மையிலேயே பைதான். அதே சொல்லைப் பறவைக்கும் தூக்கிப் போடும்போதுதான் இடிக்கிறது.

கோழிக்கு அப்படியொரு பை கிடையாது. அதன் முட்டைக் குழாயில், முட்டை ஓட்டை உருவாக்கும் ஓட்டுச் சுரப்பியும் யோனியும் சேரும் இடத்தில், உட்சுவர் மடிப்புகளுக்குள் ஒரு முனை அடைத்த நுண்குழல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் விந்தணுக்கள் அடைத்த முனைப் பக்கம் தலை வைத்து, கட்டுக்கட்டாக வரிசைகட்டி நிற்கும். உடலுக்குள் வந்தவற்றில் மிகச் சிலவே இந்தக் குழல்கள் வரை வந்துசேரும். வெளியே எடுத்து அப்படியே வைத்தால் சில மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும் விந்தணு, கோழியின் 41 டிகிரி உடல் சூட்டில் இரண்டு மூன்று வாரம் தாங்குகிறது. வான்கோழியில் பத்து வாரம் வரைகூட. சேவலைப் பிரித்த பிறகும் கோழி சில நாள் கருவுள்ள முட்டை இடுவது இதனால்தான்.

இங்கே நடப்பது வெறும் சேமிப்பும் அல்ல. சினைப்பையிலிருந்து விடுபடும் கருமுட்டை, குழாயின் மேல்முனையிலுள்ள புனலில் சுமார் 15 நிமிடத்துக்குள் கருவுற்றாக வேண்டும். அப்புறம் வெண்கரு மூடிவிடும். அதனால் குழல்கள் விந்தணுக்களைச் சிறிது சிறிதாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. நிறுத்திவைத்துத் திறந்துவிடும் இந்த வேலைக்கு ‘விந்தணுத் தேக்கக் குழல்கள்’ என்பதே பொருத்தம். பன்மையிலேயே எழுத வேண்டும்.

முட்டைக் குழாயைப் பாடநூல்கள் ‘அண்டநாளம்’ என்கின்றன. நாளம் என்றால் குழாய். நாளமில்லாச் சுரப்பியில் இல்லாமல் போன அதே நாளம். எனக்கு முட்டைக் குழாயே போதும். கருவில் இது ஜோடியாகத்தான் தொடங்குகிறது: ஜெர்மானிய உடலியலாளர் யோகானஸ் முல்லரின் பெயர் தாங்கிய முல்லர் நாளங்கள். பெண் குஞ்சில் வலதுபக்க நாளம் ஹார்மோனால் சுருங்கிப்போக, ஈஸ்ட்ரோஜன் தயவில் இடது தப்பிக்கிறது. குஞ்சில் மெல்லிய இழையாகக் கிடக்கும் அது, முட்டையிடும் பருவத்தில் 60 சென்டிமீட்டருக்கும் மேல் நீள்கிறது. கிவிப் பறவைக்குச் சினைப்பை இரண்டும் வேலை செய்யும், ஆனால் குழாய் அதற்கும் இடப்பக்கம் மட்டுமே.

ஓட்டுச் சுரப்பியைச் சிலர் ‘கருப்பை’ என்று எழுதுகிறார்கள். அதுவும் பொருந்தாது. முட்டை அங்கே சுமார் 20 மணி நேரம் தங்குவது ஓடு படிவதற்காக. குஞ்சு பெரும்பாலும் வளர்வது முட்டை வெளியே வந்த பிறகு, அடைகாக்கும்போது.