டபுள் டவுன்: தமிழில் எப்படிச் சொல்வது?

'அமைச்சர் தன் பேச்சில் டபுள் டவுன் செய்தார்' என்ற ஆங்கிலச் செய்தி தமிழுக்கு வரும்போது 'கருத்தை இரட்டிப்பாக்கினார்' என்று ஆகிவிடுவதுண்டு. கருத்தை எப்படி இரட்டிப்பாக்குவது? கண்டனம் எழுந்த பிறகும் பின்வாங்காமல், முன்னைவிட அழுத்தமாக அதையே சொன்னார் என்பதுதான் அங்கே பொருள்.

சொல் பிறந்த இடம் பிளாக்ஜாக் மேசை. 21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரைவிட அதிக எண்ணிக்கை சேர்ப்பதே அந்தச் சீட்டாட்டம். ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றுக்கும் 10. ஏஸுக்கு 1 அல்லது 11. ஆட்டக்காரரின் கையில் முதலில் இரண்டு சீட்டு. டீலரின் சீட்டுகளில் ஒன்று எல்லோருக்கும் தெரியும்படி திறந்திருக்கும். இந்தக் கட்டத்தில், முதலில் வைத்த அதே தொகையை இன்னொரு மடங்கு வைத்துப் பந்தயத்தை இரட்டிக்கலாம். அதற்கு ஈடாக ஓர் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும்: இனி ஒரே ஒரு சீட்டுதான். வந்தது 2 என்றாலும் அடுத்ததைக் கேட்க முடியாது. மூன்றாவது சீட்டை வாங்கிவிட்டால் இரட்டிக்கும் வாய்ப்பும் போய்விடும். சில மேசைகளில் கையின் கூட்டுத்தொகை 9, 10, 11 ஆக இருந்தால் மட்டுமே இதற்கு அனுமதி. 'டவுன்' என்பதைக் குறைத்தல் என்று படித்துவிடக் கூடாது; பணத்தை மேசையில் வைப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

தேர்ந்த ஆட்டக்காரர் இதை எப்போது செய்வார் என்பதில்தான் சுவையே இருக்கிறது. கையில் 6-ம் 5-ம் சேர்ந்து 11, டீலர் காட்டுவது 6 என்று வையுங்கள். ஒரே சீட்டுக்கட்டை வைத்து ஆடினால், தெரிந்த மூன்று போக மீதி 49 சீட்டில் 16 சீட்டுக்குப் பத்து மதிப்பு. அதாவது 21 அமைய ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு. ஒற்றைச் சீட்டில் 21-ஐத் தாண்டும் ஆபத்தும் கிடையாது. 6 காட்டும் டீலரோ 17 வரும்வரை சீட்டு எடுத்தே தீர வேண்டும்; சுமார் 42 சதவீதம் அவர் 21-ஐத் தாண்டித் தோற்பார். ஆக, மேசையில் டபுள் டவுன் என்பது கை வலுவாக இருக்கும்போது எடுக்கும் முடிவு. கை 16 ஆக இருக்கும்போது இதைச் செய்பவர் அறிவிலி: 6 முதல் ராஜா வரை எது வந்தாலும் கதை முடிந்தது.

செய்தி வழக்கில் பொருள் தலைகீழாகிவிட்டது. அங்கே டபுள் டவுன் செய்பவர் பெரும்பாலும் 16-ஐ வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றுகிறவர். தோற்கத் தோற்கப் பணயத்தைக் கூட்டிக்கொண்டே போன தருமனின் சூதாட்டம் இந்தப் புதுப் பொருளுக்குப் பொருந்தும்; பிளாக்ஜாக் பொருளுக்குப் பொருந்தாது.

எனவே ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவது வீண். பேச்சு, குற்றச்சாட்டு, மறுப்பு பற்றியது என்றால் 'சாதித்தல்' நன்றாக அமரும்: 'ஆதாரம் வெளிவந்த பிறகும் தான் சொன்னதே சரி என்று சாதித்தார்.' 'அடித்துச் சொன்னார்', 'விடாப்பிடியாக நின்றார்' என்பனவும் ஆகும். பிடிவாதத்தைக் குத்திக்காட்ட வேண்டுமானால் 'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' இருக்கவே இருக்கிறது. ஆனால் அந்தப் பழமொழியில் பிடிவாதம் உண்டு, பந்தயத்தை ஏற்றுவது கிடையாது. நடுநிலையான செய்தியில் அதைப் போட்டால் எழுதுபவரே தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

நிறுவனம் ஒன்று நட்டம் தரும் திட்டத்தில் டபுள் டவுன் செய்தது என்றால் 'மேலும் மூலதனத்தைக் கொட்டியது' என்று எழுதலாம். நட்டம் இல்லாத இடத்தில், உற்சாகமாகச் சொல்லும்போது, 'முன்னிலும் மும்முரமாக இறங்கியது' போதும். பங்குச் சந்தையில் கொஞ்சம் கவனம் தேவை. 200-க்கு வாங்கிய 100 பங்கு 150-க்கு இறங்கியதும் இன்னொரு 100 வாங்கினால் சராசரி விலை 175 ஆகிறது. அதற்கு 'ஆவரேஜ்' செய்வது என்ற தனி வழக்கு உண்டு. அதையே டபுள் டவுன் என்று சொல்லும்போது, சரிவைப் பார்த்தும் துணிந்து பந்தயத்தை ஏற்றினார் என்ற சாயலும் ஏறிக்கொள்ளும்.

வெறுமனே கூடியதைச் சொல்ல இந்தச் சொல் வேண்டாம். விற்பனை இரண்டு மடங்கானால் அது 'டபுள்' மட்டுமே. ஏற்கெனவே எடுத்த ஒரு நிலை, அதற்கு எதிர்ப்போ இழப்போ, அதன் பிறகும் கூடுதல் துணிச்சல்: அழுத்தமான பொருளில் எழுத இந்த மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டு மட்டும் இருந்தால் 'தன் கருத்தில் உறுதியாக இருக்கிறார்' என்று எழுதினாலே சரி.