காலாவதி தேதி மட்டும் பார்த்தால் போதாது

மருந்து வாங்குபவர்களில் பலர் இப்போது காலாவதி தேதியைத் திருப்பிப் பார்க்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அதே அட்டையில் '30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்றும் ஒரு வரி இருக்கும். எங்கள் மருந்துக்கடையில் அதைப் படிப்பவர்கள் அபூர்வம். அந்த வெப்பநிலைக்குள் வைத்தால்தான் அந்தத் தேதி செல்லும்.

மருந்து கெடுவதும் ஒரு வேதிவினைதான். மூலக்கூறுகள் மோதினால் மட்டும் வினை நடந்துவிடாது. மோதலில் ஒரு குறைந்தபட்ச ஆற்றல் இருக்க வேண்டும். 27 டிகிரி 37 ஆனால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் 2 சதவீதம்கூட அதிகரிப்பதில்லை. ஆனால் அந்த ஆற்றல் எல்லையைத் தாண்டும் மோதல்கள் பல வினைகளில் ஏறக்குறைய இரட்டிப்பாகின்றன. சுவீடன் வேதியியலாளர் அரீனியஸ் 1889-இல் எழுதிய சமன்பாடு சொல்வது இதைத்தான். மருந்து நிறுவனங்கள் 40 டிகிரி வெப்பத்தில், 75 சதவீத ஈரப்பதத்தில் 6 மாதம் வைத்துப் பார்த்து மருந்தின் ஆயுளை முன்கூட்டிக் கணிப்பதும் இந்த அடிப்படையில்தான்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின்–கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக் பவுடரை எடுத்துக்கொள்வோம். அதைக் கொதித்த தண்ணீரில் சூடு ஆறாமலே கலக்கும் வீடுகள் உண்டு. தயவுசெய்து நன்றாக ஆறவிடுங்கள். கிளாவுலனேட் தண்ணீரில் கரைந்ததுமே சிதையத் தொடங்கிவிடும். சூடு அதை விரைவுபடுத்தும். கலக்கிய பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து, பொதுவாக 7 நாளில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். 'அடுத்த காய்ச்சலுக்கு ஆகும்' என்று எடுத்து வைப்பது வேண்டவே வேண்டாம்.

இன்சுலின் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்த இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம், வீரியம் குறைந்திருக்கும். சர்க்கரை ஏறும்போது சாப்பாட்டின் மீதும் டோஸின் மீதும்தான் சந்தேகம் போகிறது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. குளிர்ச்சி நல்லதுதானே என்று ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், உறைந்தாலும் கெட்டுவிடும். பயன்பாட்டில் இருப்பதைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் 4 வாரம் வரை வெளியே வைக்கலாம். வகைக்கு வகை மாறும், உள்ளே இருக்கும் தாளைப் பாருங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீடா? ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் ஒரு மூடிய டப்பாவில் இன்சுலினை வைத்து, காற்றோட்டமான நிழலில் பானையை வையுங்கள். மணலை மட்டும் காயவிடக் கூடாது. அப்புறம், வாங்கும்போதே ஐஸ் பேக் கேளுங்கள். மருந்தும் ஐஸும் நேராக ஒட்டாமல் நடுவில் ஒரு துணி இருக்கட்டும்.