ஸ்டெல்த்: கரவு

விண்வெளிப் போர் விளையாட்டுகளில் ‘ஸ்டெல்த் ஃபைட்டர்’ என்று ஒரு வகைக் கலம் எப்படியும் இருக்கும். தமிழில் இதைச் சொல்ல வரும்போது ‘கண்ணுக்குத் தெரியாத போர் விமானம்’ என்று எழுதிவிடுகிறோம். பொருள் தப்பிப் போகும் இடம் அதுதான். அமெரிக்காவின் எஃப்-117 என்ற ஸ்டெல்த் விமானம் பகலில் தலைக்கு மேல் பறந்தால் யார் கண்ணுக்கும் நன்றாகவே தெரியும். அதனால்தான் அதை இரவுத் தாக்குதலுக்கு வைத்திருந்தார்கள். அது தப்பியது ரேடாரிடமிருந்து. அதுவும் முழுக்க அல்ல: 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் பழைய சோவியத் ஏவுகணை ஒன்று எஃப்-117 ஒன்றை வீழ்த்தியது.

ஆங்கிலத்தில் ‘ஸ்டீல்’ என்றால் திருடு. ‘ஹீல்’ என்பதிலிருந்து ‘ஹெல்த்’ பிறந்தது போல, ‘ஸ்டீல்’ என்பதிலிருந்து பிறந்தது ‘ஸ்டெல்த்’. இடைக்கால ஆங்கிலத்தில் அதன் பொருள் திருட்டு என்பதே. திருடுகிறவன் ஓசைப்படாமல் செய்கிறான் அல்லவா? அந்த வழியில் ‘பிறர் அறியாமல் செய்தல்’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. பிறகு திருட்டு உதிர்ந்து மறைவு மட்டும் மிஞ்சியது.

விமானத்துக்கு இந்தச் சொல் வந்தது 1970களில். ரேடாரிடமிருந்து தப்பும் வடிவத்துக்கான கணக்கைப் போட்டவர் ரஷ்யர் ஒருவர் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மின்காந்த அலை ஒரு பொருளின் விளிம்புகளில் பட்டு எப்படிச் சிதறும் என்று பியோத்தர் உஃபிம்ட்சேவ் 1962இல் மாஸ்கோவில் ஒரு நூல் வெளியிட்டார். சோவியத் அரசு அதை ரகசியமாகக் கருதவில்லை. அமெரிக்க விமானப்படை மொழிபெயர்த்து வைத்திருந்த பிரதி லாக்ஹீட் நிறுவனத்தின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் கையில் கிடைத்தது. தட்டைத் தகடுகளைக் கோணம் கோணமாக ஒட்டியது போன்ற எஃப்-117இன் விசித்திர உருவம் அப்படித்தான் பிறந்தது. முன்மாதிரியான ‘ஹேவ் புளூ’ 1977 டிசம்பரில் பறந்தது. 1980 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஹெரால்ட் பிரவுன் இந்தத் தொழில்நுட்பம் இருப்பதை வெளியே சொன்னார்.

ரேடாரில் ஒரு கணக்கு உண்டு. எதிரொலிக்கும் பரப்பைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்கூட, கண்டுபிடிக்கும் தூரம் பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். 200 கிலோமீட்டரில் தெரிந்த விமானம் 20 கிலோமீட்டரில் தெரியும். ஆக, ஸ்டெல்த் என்றால் ‘தெரியாமை’ இல்லை, ‘தாமதமாகத் தெரிதல்’. அந்தத் தாமதத்துக்குள் வேலையை முடித்துக்கொள்வதுதான் முழு உத்தி.

சரி, விண்வெளிக்குப் போவோம். அங்கே கலத்தின் கோணமெல்லாம் இரண்டாம் பட்சம், காட்டிக்கொடுப்பது சூடு. ஆள் வாழும் கலத்தின் வெளிச்சுவர் அறை வெப்பநிலையில், அதாவது 300 கெல்வினில் இருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 460 வாட் அகச்சிவப்புக் கதிராக வெளியே போய்க்கொண்டிருக்கும். பின்னால் இருக்கும் வானத்தின் வெப்பநிலையோ 3 கெல்வினுக்கும் குறைவு. எதிரி ரேடாரை இயக்கவே வேண்டாம், சும்மா பார்த்தால் போதும். சுவரை 100 கெல்வினுக்குக் குளிர்வித்தால் உமிழ்வு 81இல் ஒரு பங்காகிறது. கண்டுபிடிக்கும் தூரம் தோராயமாக ஒன்பதில் ஒரு பங்காகிறது. பெரிய லாபம்தான். ஆனால் உள்ளே உலையும் மனிதர்களும் உண்டாக்கும் சூடு எங்கே போகும்? எஞ்சினைப் பற்ற வைத்தாலோ, பேச்சே இல்லை.

2014இல் வந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ என்ற விண்வெளிக் கணினி விளையாட்டு இந்தச் சிக்கலை ஆட்டமாகவே ஆக்கியது. அதில் எதிரியின் உணரிகள் உங்கள் கலத்தை அதன் சூட்டை வைத்துப் பிடிக்கின்றன. ‘சைலண்ட் ரன்னிங்’ பொத்தானை அழுத்தினால் வெப்பத்தை வெளியேற்றும் துளைகள் மூடிக்கொள்ளும். எதிரியின் குறி தடுமாறும். கூடவே காப்புக்கவசமும் விழுந்துவிடும், சூட்டு அளவியும் ஏற ஆரம்பிக்கும். 100 விழுக்காட்டைத் தாண்டினால் உங்கள் கருவிகளே கருகும். அப்போது ஒரு வெப்பத்தேக்கியை வெளியே எறிகிறீர்கள். சேர்ந்த சூடு அதோடு போகிறது, கலம் சில்லிடுகிறது. கையிருப்பில் இருப்பதோ சில தேக்கிகள்தான். இவ்வளவுக்கும் நடுவில், எதிரி கண்ணாடி வழியே பார்த்தால் நீங்கள் கண்ணெதிரே பறந்துகொண்டுதான் இருப்பீர்கள். ஸ்டெல்த் வேறு, மாயமாதல் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய விளையாட்டு என் பார்வையில் வேறில்லை.

2007இல் வெளிவந்த ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டின் நார்மண்டி கலம் சூட்டை லித்தியத்தில் சேர்த்து வைக்கிறது. நல்ல தேர்வு, திடத் தனிமங்களில் வெப்பக் கொள்ளளவு மிகுந்தது லித்தியம். ஒரு கிலோ லித்தியத்தை அறை வெப்பநிலையிலிருந்து 180 டிகிரி வரை சூடாக்கி முழுக்க உருக்கினால் அது சுமார் பத்து லட்சம் ஜூல் வாங்கிக்கொள்ளும். கழிவு வெப்பம் ஒரு மெகாவாட் என்றால் நொடிக்கு ஒரு கிலோ, மணிக்கு 3.6 டன். பெரிய போர்க்கலத்தின் உலை இதைப்போல் ஆயிரம் மடங்கு என்று வைத்தால், மணிக்கு 3,600 டன் வேண்டும். சிறிய கலம், அடக்கி ஓட்டிய உலை, சில மணி நேரம்: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கதை நிற்கும்.

சூட்டை வேறு பக்கமாகத் திருப்பிவிடலாம் என்பார்கள். முடியும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஐந்தடுக்குத் திரையின் நிழலில் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து கிடக்கிறது. ஆனால் எதிரி எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். நிஜ விண்வெளியிலும் மறைவு முழுதல்ல: 1990இல் அட்லாண்டிஸ் விண்ணோடம் கொண்டுபோன ரகசியச் செயற்கைக்கோள் ‘மிஸ்டி’ எனப்படும் மறைவு வகை என்று நம்பப்படுகிறது. அதே ஆண்டில் பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்களே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இப்போது தமிழ்ச் சொல். ‘புலப்படா’, ‘காணா’ என்று தொடங்குபவை மேலே சொன்ன காரணத்தால் பொருந்தாது. ‘ஒளிவு’ என்றால் ஒளியோடு குழம்பும். ‘களவு’ ஸ்டெல்த்தின் உடன்பிறப்பு மாதிரி: திருட்டு என்றும் பொருள், தொல்காப்பியத்தின் களவியலில் ஊரறியாக் காதல் என்றும் பொருள். வரலாறு ஒத்துப்போகிறது, ஆனால் ‘களவு விமானம்’ என்றால் திருட்டு விமானம் என்றுதான் இன்று காதில் விழும்.

என் தேர்வு ‘கரவு’. “களவறிந்தார் நெஞ்சில் கரவு” என்று குறளே இரண்டையும் பக்கத்தில் வைக்கிறது. கரத்தல் என்றால் ஒளித்தல். அதோடு இன்னொரு பொருளும் உண்டு: தன்னிடம் இருப்பதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுதல். “காக்கை கரவா கரைந்துண்ணும்” என்பதில் காக்கை இரையை மறைக்காமல் இனத்தைக் கூவி அழைக்கிறது. ‘கரவாது உவந்தீயும்’ என்பதில் கரவாமை என்றால் ஒளிக்காமல் கொடுப்பது. விண்கலம் செய்வதும் இந்தக் கரத்தலையே: இருக்கிற சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது.

கரவுக்கலம், கரவுப்போர்க்கலம், கரவு விமானம் என்று இயல்பாகச் சேர்கிறது. ‘சைலண்ட் ரன்னிங்’ முதலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் சொல். அங்கே ஓசையை அடக்குவார்கள். வெற்றிடத்தில் அடக்க ஓசையே இல்லை என்பதால் ‘கரவோட்டம்’ பொருத்தம். கலத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமான ‘சிக்னேச்சர்’ என்பதைக் கையெழுத்து என்று பெயர்க்காமல் ‘சுவடு’ எனலாம்: வெப்பச் சுவடு, ரேடார்ச் சுவடு. பொருளையே பார்வையிலிருந்து அழிக்கும் ‘க்ளோக்கிங்’ வேறு கற்பனை. அதற்கு ‘மாயத்திரை’ போதும், அதைக் கரவோடு சேர்க்க வேண்டாம்.