வெட்டிய காட்சியை ஒட்டும் முன்

போன வாரம் இன்னொரு பையன் ஷோரீலோடு (தன் வேலையைக் காட்டும் மாதிரி வீடியோ) வந்தான், உதவி எடிட்டர் வேலை கேட்டு. திறந்தால் மறுபடியும் அதேதான். எல்லோரும் பார்த்த ஒரு படம், அதன் டிஸ்கில் வந்த டெலிட்டட் சீன்கள், அதாவது படத்திலிருந்து வெட்டிய காட்சிகள், அத்தனையையும் உள்ளே செருகி 'முழு எக்ஸ்டெண்டட் கட்' என்று பெயர் வேறு. இந்த வருடத்தில் இது நாலாவது. இணையத்தில் ஏற்றியதில் அவனுடைய சேனலே போய்விட்டதாம். "ஒரு காசுகூட சம்பாதிக்கலையே சார்" என்றான்.

பதிப்புரிமைக்கு நான் வகுப்பெடுக்கப் போவதில்லை. காசு வாங்கினாயா என்பதற்கு முன்னால், அனுமதி வாங்கினாயா என்றுதான் கேட்பார்கள். 'உரிமை மீறும் நோக்கமில்லை' என்று வீடியோவுக்குக் கீழே எழுதுவது, 'திருடும் எண்ணமில்லை' என்று சீட்டு வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துப் போவது மாதிரி. யூடியூபில் 90 நாட்களுக்குள் 3 ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறலுக்கான எச்சரிக்கை) விழுந்தால் சேனலை மூடிவிடலாம். சரி, அது போகட்டும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறொரு பேச்சில்: "வெட்டியெடுத்த காட்சிதானே சார், இருந்த இடத்தில் வைத்தால் படம் முழுமையாகிவிடும்."

ஆகாது. வெட்டிய காட்சி பாதியில் நின்றுபோன காட்சி. அது வெளியே போன நாளோடு அதற்கான வேலையும் பெரும்பாலும் நின்றுவிடும். கலர் கிரேடிங் (நிறத்தைச் சீராக்கும் வேலை) இருக்காது, பின்னணிப் படம் சேர்க்க வேண்டிய பச்சைத்திரை அப்படியே தெரியும், சத்தம் படப்பிடிப்பில் பதிவானதாகவே இருக்கும். இசையமைப்பாளர் அந்தக் காட்சி இல்லாத பதிப்பைப் பார்த்துத்தான் வாசித்திருப்பார். முந்தைய காட்சியின் முடிவில் எழும் வயலின் அடுத்த காட்சியின் முதல் வசனம் வரை ஒரே இழையாக ஓடும். நடுவில் இரண்டு நிமிடத்தைச் செருகினால் அந்த வயலினை எங்கே அறுப்பீர்கள்? வசனமும் இசையும் தனித்தனியாக எங்களிடம் இருக்கும், உங்களிடம் இருக்காது. 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் வரும் நடு ஸ்பீக்கரின் சேனலை மட்டும் பிரித்தேன் என்பார்கள். அதிலும் இசை கசிந்திருக்கும், காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. காட்சி போனாலும் தகவல் போகக் கூடாது என்பதால், முக்கியமான வரியை வேறொரு காட்சியில், யாராவது முதுகு காட்டி நிற்கும் ஷாட்டில் டப் செய்து போடுவோம். பழைய காட்சியைத் திரும்பக் கொண்டுவந்தால் அந்த வரி இரண்டு தடவை வரும். இந்தப் பையனின் கட்டில் நாயகன் அண்ணன் இறந்த செய்தியை இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் புதிதாக அதிர்ச்சியடைகிறான்! பற்றாததற்கு, படம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் டிஸ்கிலிருந்து, சேர்த்த காட்சிகள் அதே 24-ஐ 25 ஆக வேகமாக ஓட்டும் டிஸ்கிலிருந்து. வேகம் கூடினால் (இரண்டு மணி நேரப் படமே ஐந்து நிமிடம் சுருங்கும்) குரல் கீச்சென்று மெலியும். காட்சிக்குக் காட்சி நாயகனின் தொண்டை மாறுகிறது.

ஆகவே, தம்பிகளே. ஏற்றாதீர்கள், லிங்கை அனுப்பாதீர்கள். கசிந்த காப்பி கைக்கு வந்தால் தொடவே தொடாதீர்கள். டிஸ்க் நீங்கள் வாங்கியதாகவே இருந்தாலும், காப்பி எடுக்க முடியாதபடி அதில் போட்டிருக்கும் பூட்டை உடைப்பது பல நாடுகளில் சட்ட மீறல். ஷோரீலில் தயவுசெய்து வைக்காதீர்கள். எங்கள் ஹார்ட் டிஸ்குகளில் இருப்பது வெளியாகாத படங்கள். அடுத்தவர் படத்தில் கேட்காமல் கைவைப்பவரை நம்பி அதை எப்படிக் கொடுப்பது?

அந்தப் பையனுக்குக் கை இருக்கிறது, ஒரு இடத்தில் வெட்டு அழகாக விழுந்திருந்தது. நண்பர் யாராவது எடுத்த குறும்படத்தின் ரஷ்ஷை (வெட்டாத மூலக் காட்சிகளை) அனுமதியோடு வாங்கி, ஏதாவது ஒரு காட்சியை வைத்து ஒன்று, எடுத்துவிட்டு ஒன்று என இரண்டு கட் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.