‘சேவைக் கற்றல்’ வேண்டாம், தொண்டுவழிக் கற்றல் போதும்

கோடை விடுமுறை நெருங்கினால் கல்வி நிறுவனங்களின் சுற்றறிக்கைகளில் ‘சேவைக் கற்றல்’ என்ற தொடர் தலைகாட்டத் தொடங்கிவிடுகிறது. அரசுப் பணத்தில் இளைஞர்களை ஊருக்குள் அனுப்பி, வேலையும் செய்யவைத்து, அந்த வேலையிலிருந்தே பாடமும் கற்கவைக்கும் திட்டத்துக்கு இப்படி ஒரு பெயர். திட்டத்தை அறியாத ஒருவரிடம் இந்தப் பெயரை மட்டும் சொல்லிப் பாருங்கள். வாடிக்கையாளர் சேவைக்கான பயிற்சி வகுப்பு என்பார் ஒருவர். சேவை நாழியில் மாவு பிழியக் கற்றுத்தருகிறார்களா என்று கேலி செய்வார் இன்னொருவர். இரண்டு பேர் மேலும் பிழையில்லை.

மூலச் சொல் ‘சர்வீஸ் லேர்னிங்’. 1960களின் பிற்பாதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கான கல்வி வாரியத்தில் பணியாற்றிய ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சி ஆகிய இருவரும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கல்லூரி மாணவர்களை உள்ளூர் வளர்ச்சி வேலைகளில் சேர்த்து, அதையே படிப்பின் பகுதியாக்கிய முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ‘சர்வீஸ்’ லத்தீனின் ‘செர்வுஸ்’, அதாவது அடிமை, என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் ‘சேவை’ வடமொழி ‘சேவா’. அருகிருந்து பணிவிடை செய்வது. சொல் வரலாறு இவ்வளவு போதும், சிக்கல் அங்கே இல்லை.

சிக்கல் ‘சர்வீஸ்’, ‘லேர்னிங்’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் போடும் சிறு கோட்டில் இருக்கிறது. சிக்மன் பின்னாளில் இதை நான்காகப் பிரித்துக் காட்டினார்: தொண்டுக்கே முதன்மை தந்து கற்றலைப் பின்னால் தள்ளுவது, கற்றலுக்கே முதன்மை தந்து தொண்டைச் சாக்காக்குவது, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நடப்பது, இரண்டும் சம எடையில் ஒன்றையொன்று வளர்ப்பது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் கோடு ஆகியவற்றை வைத்தே இந்த வேறுபாட்டைக் காட்டிவிட்டார். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. நமக்கு இருப்பது வேற்றுமை உருபும் புணர்ச்சியும்தான். அவற்றைக் கொண்டுதான் அந்த உறவைச் சொல்ல வேண்டும். ‘சேவைக் கற்றல்’ அதைச் சொல்கிறதா?

‘சேவை கற்றல்’ என்று வல்லினம் மிகாமல் எழுதினால் அது இரண்டாம் வேற்றுமைத் தொகை. கதை கேட்டல், விடை தருதல் போல. பொருள்: சேவையைக் கற்றல். மூலத்துக்கு இது நேர் எதிர். மூலத்தில் மாணவர் சேவையைக் கற்பதில்லை, சேவை செய்து வேறொன்றைக் கற்கிறார். நிலவியலோ கணக்கோ உள்ளாட்சியோ, எதுவாகவும் இருக்கலாம். ‘க்’ போட்டு எழுதினால், ‘சேவையால் விளையும் கற்றல்’ என்று உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொள்ளலாமே என்று இலக்கணம் தெரிந்தவர் வாதிடலாம். வாதம் சரி. ஆனால் பேசும்போது அந்த ஒரு ஒற்று யார் காதில் விழுகிறது? எழுத்திலும், பாதிப் பேர் அந்த ‘க்’கை விட்டுவிடுகிறார்கள். ஒரு கலைச்சொல்லின் முழுப் பொருளும் ஒரே ஒரு புள்ளி வைத்த எழுத்தில் தொங்கக் கூடாது. போதாக்குறைக்கு, சேவைக் கட்டணம், நுகர்வோர் நீதிமன்றத்துச் சேவைக் குறைபாடு என்று இதே வார்ப்பில் உள்ள தொடர்களெல்லாம் ‘சேவை’யை வாங்கும் பொருளாக்கிவிட்டன. அந்த வரிசையில் சேவைக் கற்றலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

‘சேவை’ இன்று சுமக்காத சுமை இல்லை. பெருமாள் கருட சேவை சாதிக்கிறார். இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறோம். பொருளியலில் சேவைத் துறை. கைப்பேசியில் ‘சேவை துண்டிக்கப்பட்டது’. ‘கோடைக்காலச் சேவை’ என்று கண்ணில் பட்டால், தாம்பரத்திலிருந்து புறப்படும் சிறப்பு ரயிலின் நேரத்தைத்தான் மனம் தேடும். வடசொல் என்பதற்காக இதை ஒதுக்கச் சொல்லவில்லை. வடசொல்லோ தென்சொல்லோ, கூட்டம் மிகுந்த பேருந்தில் இன்னொரு ஆளை ஏற்றுவது நியாயமில்லை.

‘சமூக சேவை’ என்று விரித்தால் தீருமா? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம், தண்டனை வகைகளில் ஒன்றாகவே ‘கம்யூனிட்டி சர்வீஸை’ வைத்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டவருக்கும், குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை செய்தவருக்கும் அது கிடைக்கலாம். செய்திகளில் அதற்குத் தரப்படும் தமிழ் ‘சமூக சேவை’. ஆக, விடுமுறையைத் துறந்து ஏரிக்கரைக்குப் போன மாணவி வாங்கும் சான்றிதழிலும், நீதிமன்றம் குற்றவாளிக்குத் தரும் உத்தரவிலும் ஒரே சொல். ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் நெடுநாளாக உண்டு. நாம் அதைப் பணம் கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ‘சமூகப் பணி’யும் உதவாது; அது தனிப் படிப்பு, தனித் தொழில்.

முன்னோர் ஒன்றும் தடுமாறவில்லை. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டத்துக்கு இந்தியில் ‘ராஷ்ட்ரிய சேவா யோஜனா’ என்று பெயர். தமிழில் பெயர் வைத்தவர் ‘தேசிய சேவைத் திட்டம்’ என்று சுலபமாக எழுதிப் போயிருக்கலாம். ‘நாட்டு நலப்பணித் திட்டம்’ என்றார். யாருக்காக, எதற்காக என்ற இரண்டும் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டன. மாணவர்கள் ‘என்.எஸ்.எஸ். கேம்ப்’ என்றுதான் சொல்வார்கள், அது வேறு. ஆனால் எழுதும்போது நாட்டு நலப்பணி என்று எழுத ஒருவரும் தயங்குவதில்லை. (அதே திட்டத்தில் ‘தத்தெடுத்த கிராமம்’ என்ற தொடரும் ஓடுகிறது. ஆயிரம் ஆண்டு பழைய ஊரைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தத்தெடுப்பதாம்.)

‘வழி’ என்ற இணைப்புக்கும் முன்மாதிரி கையிலேயே இருக்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08 வாக்கில் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய முறைக்குச் ‘செயல்வழிக் கற்றல்’ என்று பெயர். ஏணிப்படி, அட்டை என்று அந்த வகுப்பறையைக் கண்ட எந்தப் பெற்றோருக்கும் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. செயலைக் கற்பதா, செயலால் கற்பதா என்று யாரும் குழம்பவும் இல்லை. அந்த அச்சிலேயே வார்த்தால் தொண்டுவழிக் கற்றல். எது வழி, எது இலக்கு என்பது பெயரிலேயே நிற்கிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல்விளையாட்டு என்று நினைப்பவர் ஒரு முகாமின் திட்டத்தாளை எடுத்துப் பார்க்கலாம். ஏழு நாள் முகாம், கண்மாயில் சீமைக்கருவேலம் அகற்றல் என்று வைத்துக்கொள்வோம். தொண்டு மட்டும் என்றால்: அரிவாள், மண்வெட்டி, கையுறை, காலை நான்கு மணி நேர வேலை, வெட்டிய மரங்களின் எண்ணிக்கை, பதாகை பிடித்து ஒரு படம். அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து, முன்பு ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டு நிற்கும். தரையோடு வெட்டினால் அந்த மரம் சாவதில்லை. மண்ணுக்குக் கீழே துளிர்க்கும் கணுக்கள் உள்ள பகுதியோடு தோண்டி எடுக்க வேண்டும். காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை முளைக்கும் என்பதால், தோண்டி எடுத்த இடத்தையும் ஆண்டுதோறும் கண்காணிக்க வேண்டும்.

தொண்டுவழிக் கற்றல் என்றால் முகாமுக்கு முன்பே வேலை தொடங்குகிறது. ஊர்க்காரர்களிடம் எது தேவை என்று கேட்பது முதல் படி. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஊராக இருந்தால், கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களுக்கு அந்த மரம்தான் வருமானம் என்பது அந்த முதல் பேச்சிலேயே வெளிவரும். அகற்றுவதா, எந்தப் பகுதியில், விறகு யாருக்கு என்பதை மாணவர்கள் அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்வார்கள். தாவரவியல் மாணவர் அடிக்கட்டையை ஆராய்வார், கணித மாணவர் பத்து மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து எண்ணுவார், பொருளியல் மாணவர் ஒரு மூட்டத்தின் வரவுசெலவைக் கேட்டு எழுதுவார். வேலை அதே வேலைதான். வெட்டப்படும் மரம் குறையும், கற்பது கூடும். ‘சேவை’ என்று பெயர் வைத்த முகாமில் எண்ணிக்கை குறைந்தால் திட்ட அலுவலருக்குக் கேள்வி வரும். பெயரிலேயே கற்றல் இலக்காக நின்றால் அவர் பதில் சொல்ல ஒரு வழி இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொரு குழியையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்திட்டங்களின் உயிர்நிலை, நாள் முடிவில் எட்டுப் பத்துப் பேராக அமர்ந்து செய்ததை எண்ணிப் பார்க்கும் அரை மணி நேரம். ஆங்கிலத்தில் ‘ரிஃப்ளெக்‌ஷன்’. இதைப் ‘பிரதிபலிப்பு அமர்வு’ என்று எழுதுகிறார்கள். பிரதிபலிப்பது கண்ணாடியின் வேலை. கண்ணாடி எதையும் யோசிப்பதில்லை. அசைபோடுதல் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. வட்டார வாசம் அதிகம் என்று தோன்றினால் மீள்நோக்கு. என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன என்ற மூன்று கேள்விகள் அந்த அமர்வுக்குப் போதும். இதைத் தினமும் வைக்காமல் நிறைவு விழாவுக்குத் தள்ளினால் ‘மறக்க முடியாத அனுபவம்’ என்ற ஒரே வாக்கியம் ஐம்பது வாயிலிருந்து வரும்.

இனி, தொண்டு என்ற சொல்லின் மீதுள்ள குற்றச்சாட்டுகள். பக்தி வாடை அடிக்கிறது என்பது முதலாவது. திருத்தொண்டர், அடியார் என்று அந்தப் பாரம்பரியம் உண்மைதான். ஆனால் தமிழ்த்தொண்டு, தொண்டு நிறுவனம், பொதுத்தொண்டு என்று சொல் கோயிலை விட்டு வெளியேறி நெடுங்காலமாகிறது. ‘தொண்டர்’ என்றாலே கட்சிக் கொடி பிடிப்பவர் என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆளைக் குறிக்கத் தன்னார்வலர் என்ற சொல் தமிழ்நாட்டில் வேரூன்றியது. சிங்கப்பூரில் இந்தத் தயக்கம் இல்லை. அங்கே தொண்டூழியர் என்பதே நாளேட்டு வழக்கு. இலங்கையில் ஊதியம் நிலையாகாமல் கற்பிப்பவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். மூன்று நாட்டுத் தமிழிலும் கூலி கருதாத வேலை என்ற பொருள் இச்சொல்லில் மங்காமல் இருக்கிறது. சேவைக்கு அது மங்கிவிட்டது. இளைஞர் திட்டத்துக்கு வைக்கும் பெயரில் ‘தொண்டு கிழவன்’ நினைவுக்கு வருகிறதே என்பவர்களுக்குப் பழந்தமிழில் தொண்டு ஒன்பதையும் குறித்தது என்று சொல்லி வைக்கலாம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றமில்லை, ஒரே இடத்தில் இரண்டு பொருள் மோதுவதுதான் குற்றம்.

இலங்கையின் ‘சிரமதான’த்தைக் கடன் வாங்கலாமே என்ற யோசனையும் உண்டு. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன, மாணவர்களை விடுமுறை முகாமாகக் கனத்தொளுவைக் கிராமத்துக்கு அழைத்துப்போனதிலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்தது. ஈழத் தமிழரிடையே சிரமதானம் வீட்டுச் சொல். ஆனால் அது உழைப்பைக் கொடையாகத் தருவதை மட்டும் சொல்கிறது, கற்றலைப் பற்றி வாய் திறப்பதில்லை. இந்தப் பக்கம் ‘சிரமம்’ என்றால் தொல்லை என்பது வேறு.

அமெரிக்காவில் 1993 கோடையில் கிளின்டன் அரசு முன்னோட்டமாக நடத்தி, 2009ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் இடமளித்த ‘சம்மர் ஆஃப் சர்வீஸ்’ திட்டத்தைக் கோடைத் தொண்டு என்றால் போதும். ‘சேவையின் கோடைக்காலம்’ என்று எழுதுபவர் சொற்களை மொழிபெயர்க்கிறார், பெயரை மொழிபெயர்க்கவில்லை. அந்தச் சட்டப்படி 100 மணி நேரம் தொண்டு செய்யும் பள்ளி மாணவருக்கு 500 டாலர் பிற்காலப் படிப்புக்கு ஒதுக்கப்படும். அதுவும் கூலியில்லை, எனவே தொண்டு என்பதற்குக் குந்தகமில்லை.

இந்தியாவில் 2018 மே முதல் ஜூலை வரை நடந்த தூய்மை இந்தியா கோடைத் திட்டமும் அதே 100 மணி நேரத்தைக் கேட்டது. முடித்தவருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு இரண்டு மதிப்பெண் அலகு (கிரெடிட்) தர இடம் தந்தது. அதன் பெயரில் இருந்ததோ ‘இன்டர்ன்ஷிப்’. அதற்குத் தமிழில் வழங்கும் ‘உள்ளிருப்புப் பயிற்சி’யைப் போட்டால், வீடு வீடாகப் போய்க் கழிப்பறைக் கணக்கெடுத்து, சுவரில் படம் வரைந்து, உரக்குழி வெட்டி, சித்திரை வெயிலில் கறுத்துப்போன பிள்ளை உள்ளே இருந்து பயிற்சி பெற்றதாகிறது. மருத்துவமனைக்குள்ளேயே தங்கிக் கற்ற பிரெஞ்சு ‘ஆன்தேர்ன்’களுக்கு, அதாவது பயிற்சி மருத்துவர்களுக்கு, பொருந்திய சொல் அது. தமிழ்க் காதுக்கு உள்ளிருப்பு என்றால் அடுத்த சொல் போராட்டம். களப்பயிற்சி என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

கலைச்சொல்லை ஆக்குபவர் கடைசியாக ஒன்றைச் சோதிக்க வேண்டும்: அது குட்டி போடுகிறதா? தொண்டுவழிப் பாடம், தொண்டுவழிக் கற்பித்தல், தொண்டுவழிக் கற்போர் என்று இது தடையின்றிப் பெருகுகிறது. சான்றிதழில் ‘கோடைத் தொண்டுவழிக் கற்றல் முகாமில் 100 மணி நேரம் பங்கேற்றார்’ என்று எழுதலாம். எத்தனை மணி நேரம் என்பதோடு, என்ன கற்றார் என்பதற்கும் அடுத்த வரியில் இடம் விடச் சொல்லுங்கள்.